எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, வாசல் கேட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான்கு நிமிடம் பிடித்தது. இருபத்திரண்டு வருடமாக இங்கே கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கே நான்கு நிமிடம். வழியில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு மாடிப்படிகள் இருக்கின்றன. ஒன்றில் ஏறினால் வகுப்புகள், மற்றதில் ஏறினால் பூட்டிய ஆய்வுக்கூடம். புதிதாக வரும் பிள்ளை தப்பான படியில் ஏறி இறங்கி வருவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடும். நாங்களோ மணி அடித்த ஐந்தாவது நிமிடத்தில் கதவைச் சாத்துகிறோம். இதை இத்தனை வருடத்தில் யாரும் நடந்து பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலையைத் தலைமையாசிரியை இந்த வருடம் என் தலையில் கட்டியிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். உன் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒன்பது பேரின் சேர்க்கைப் படிவங்கள் மே பதினைந்துக்குள் எனக்கு வர வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் தயாரிக்கிறேன். வரைபடம், கால அட்டவணை, எந்த ஆசிரியர் எங்கே இருப்பார், கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, எல்லாம் அதில் இருக்கும். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்து வந்தால் நானே சுற்றிக் காட்டுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட மாட்டோம். போன வருடத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

கடிதம் கிடைத்தது. சுற்றறிக்கை மாதிரி இருந்தது. கீழே முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.

பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு, குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக எழுதியிருக்கிறாய். சரி, எனக்கும் ஒளித்துப் பேசத் தெரியாது. படிவம் எதுவும் வராது. ஒன்பதாம் வகுப்பை இங்கேயே நடத்த அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறேன். ஏழு வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதி இரண்டு வீட்டிலும் போடுவார்கள்.

நீ எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். போன வருடம் இங்கே எட்டாம் வகுப்பை முடித்தவள் எறும்பு ஒருத்திதான். ஒரு இடத்தில் நிற்காமல் எதையாவது சுமந்துகொண்டு போய்க்கொண்டே இருப்பாள் என்று நாங்கள் வைத்த பெயர். அவளை உன்னை நம்பி அனுப்பினேன். “எங்க அக்கா இருக்காங்க, பயப்படாதே” என்று சொல்லி அனுப்பினேன். மூன்றே வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு நீ எழுதிய தாளை அந்த அம்மா இன்னும் பையில் வைத்திருக்கிறாள். ‘வகுப்பை விட்டு வெளியே போய்த் திரிகிறாள், கண்டித்து வைக்கவும்.’ உன் கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

எறும்பு இப்போது அவள் அத்தையின் தையல் கடையில் கீழ்மடிப்பு தைக்கிறாள். பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

அவளுக்கு வழி தெரியாமல் போகவில்லை அக்கா. எறும்புக்கு யாராவது வரைபடம் கொடுப்பார்களா? ஒன்பது பேரையும் அதே இடத்துக்கு அனுப்பிவிட்டு ஜூலையில் ஒவ்வொருத்தராகத் திரும்பி வருவதைப் பார்க்க என்னால் முடியாது.

தங்கை


ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் கோபம்தான் வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எப்போதும் பன்னிரண்டாம் வகுப்புக்காரி. போன ஜூனில் ஒன்பது ‘ஆ’வுக்குக் கணக்கு எடுப்பவர் பிரசவ விடுப்பில் இருந்ததால் ஒரு மாதம் நான் பார்த்துக்கொண்டேன். எறும்பு காலையில் வகுப்பில் இருப்பாள். என் பாடவேளை வந்தால் காணாமல் போய்விடுவாள். மூன்று வாரத்தில் ஏழு நாள். ஒரு பதினான்கு வயதுப் பெண் பள்ளிக்கூடத்துக்குள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை என்றால் அதற்கு நான்தானே பொறுப்பு? கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுபடி கேட்டேன். அதே தலை, அதே தரை. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? நானும் ஒரு தாள் எழுதினேன், அவ்வளவுதான்.

இப்போது உன் மனு. ஒன்பதை நடத்துவாய், நடத்தக்கூடியவள்தான். பத்தை யார் நடத்துவார்கள்? வேதியியலை எந்த மேஜையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பாய்? ஆய்வுக்கூடம் என்றால் உன் சமையலறை அடுப்பா? ஒரு வருடம் கழித்து அதே பிள்ளைகள் இன்னும் பெரியவர்களாக, இன்னும் பயந்துகொண்டு இங்கேதான் வர வேண்டும். நீ அவர்களைக் காப்பாற்றவில்லை, தள்ளிப்போடுகிறாய். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே வளர்க்கிறாய் என்று போன வருடம் நாம் சண்டை போட்ட அன்று சொன்னேன். சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

வரைபடம் தயாராகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்தாள். தலைமையாசிரியை அறைக்கு நேராக ஒரு சிங்கத்தின் முகம் போட்டிருக்கிறாள். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் செய். அவளிடம் நீ கேள். அந்த ஏழு நாளும் எங்கே போனாள்? எனக்குச் சொல்லாவிட்டாலும் உனக்குச் சொல்வாள்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது பத்து மாதத்துக்கு முன்னால். அவள் மனசைக் கிளற வேண்டாம் என்று நல்ல பிள்ளையாக நானும் சும்மா இருந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

உன் பள்ளியின் எட்டாம் வகுப்புக்கு. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

உனக்கு இது புரியாது, சொல்கிறேன். நீ என் பள்ளிக்கு வந்ததெல்லாம் விடுமுறையில்தான். பாடம் நடக்கும்போது ஒரு நாளும் வந்ததில்லை. எங்களுக்கு இரண்டு அறை, இரண்டு டீச்சர், எட்டு வகுப்பு. என் அறையில் ஐந்து முதல் எட்டு வரை வரிசையாக உட்கார்ந்திருக்கும். நான் எட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எவனாவது புரியாமல் விழித்தால், அவனுக்காக நிறுத்த எனக்கு நேரம் இருக்காது. அதனால் ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம். புரியவில்லையா, எழுந்து போய் ஏழாம் வகுப்பு பெஞ்சில் உட்கார். அங்கே அதன் அடிப்பாடம் நடக்கும்போது இன்னொரு தடவை கேள். பிடிபட்டதும் உன் இடத்துக்குத் திரும்பி வா. யாரிடமும் சொல்ல வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். யாரும் சிரிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் ஒரு நாள் போனவர்கள்தான். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வருகிறவனே மாதத்தில் இரண்டு நாள் ஆறாம் வகுப்பில்தான் இருப்பான்.

எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று எறும்பு நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை அக்கா. வீட்டில் சுவர் இருக்கிறது என்று யாராவது சொல்லி அனுப்புவார்களா?

அந்த எட்டாம் வகுப்புக்கு யாரோ புதிதாக வந்த தற்காலிக வாத்தியாராம். அவர் இவளைத் தன் வகுப்புப் பெண் என்றே நினைத்திருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அங்க நல்லா புரிஞ்சுது டீச்சர். இன்னும் நாலு நாள் உட்கார்ந்திருந்தா மேல ஏறியிருப்பேன்.”

“எங்க அக்கா கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே?”

“எங்க திரியிறேன்னு கேட்டாங்க. நான் திரியல. அதுக்கு என்ன பதில் சொல்றது?”

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து ஓரத்து நூலை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மனுவை இன்னும் அனுப்பவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை.

தங்கை


மே 4

சின்னவளே,

உன் கடிதம் வந்த அன்று பாடவேளை முடிந்ததும் எட்டாம் வகுப்பு அலமாரியைத் திறந்தேன். அந்தத் தற்காலிக ஆசிரியர் ஆகஸ்டிலேயே போய்விட்டார். அவருடைய மதிப்பெண் நோட்டு தூசியோடு அடித்தட்டில் கிடந்தது. மாணவர் பட்டியல் முடிந்த பிறகு, கடைசியில், பென்சிலால் ஒரு வரி. ‘புதுப் பெண்.’ பெயர்கூடக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஆனால் வந்த நாளுக்கெல்லாம் குறி போட்டிருக்கிறார். ஏழு நாள். என் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ‘இல்லை’ என்று போட்ட அதே ஏழு தேதிகள்.

ஏழாவது நாள் ஒரு சிறு தேர்வு வைத்திருக்கிறார். புதுப் பெண், இருபதுக்குப் பதினெட்டு. அதற்கு மறுநாள்தான் நான் அந்தத் தாளை எழுதினேன்.

இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். வருத்தப்படுவது எனக்குச் சுலபம், உட்கார்ந்து நன்றாகவே வருத்தப்படுவேன். ஜூன் வந்துவிடும்.

அதனால் வேலையைச் சொல்கிறேன். புத்தகத்தில் வரைபடத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் பக்கத்தில் ஒரே கேள்வி, கீழே எழுத இடம். ‘உங்கள் பழைய பள்ளியில் பாடம் புரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ வரப்போகும் நூற்றிருபது பேருக்கும் அனுப்புகிறோம். பதில்கள் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் கையில் முதல் நாளே இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். எறும்பின் கதையையும் சொன்னேன். தாள் எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்து.

எங்கள் இயற்பியல் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்போ என் பன்னெண்டாம் கிளாஸ் ஆளுங்களுக்குப் புரியலன்னா ஒண்ணாங் கிளாஸ்ல போய் உட்காருவாங்களா மேடம்?”

“பெஞ்சு தாங்கினா உட்காரட்டும் சார்,” என்றேன். “போன வருஷம் உங்க பாடத்துல பதினோரு பேர் ஃபெயில். அவங்க எங்கயாவது போய் உட்கார்ந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில்லை. பரவாயில்லை, பிஸ்கட் மிச்சம்.

உன் ஒன்பது பேரையும் வரும் சனிக்கிழமை அழைத்து வா. படிவம் கொடுக்க வேண்டாம், சும்மா பார்க்க. பிடிக்காவிட்டால் அந்த மனுவை நானே திருத்தி, தட்டச்சு செய்து தருகிறேன். உன் மனுவில் எப்படியும் நாலு பிழை இருக்கும்.

அக்கா


மே 13

அக்கா,

மூன்று பிழைதான். எண்ணிப் பார்த்தேன்.

சனிக்கிழமையைப் பற்றி நேரில் எதுவும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. எல்லோர் முன்னாலும் “வாங்க டீச்சர்” என்று கூப்பிட்டாயே, அந்த இடத்திலேயே சிரித்துவிடுவேன் என்று பயந்தேன். எனக்கு மட்டும் சர்க்கரை போடாத தேநீர் கொடுத்தாய். மறக்கவில்லை போலிருக்கிறது.

பிள்ளைகள் திரும்பும்போது பஸ்ஸில் ஓயவே இல்லை. சிங்கத்தின் அறை எது என்று பந்தயம் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மாடிப்படியில் பச்சை அம்பு ஒட்டியிருப்பதை நான் பார்த்தேன். இரண்டாவது படியில் ‘இது அந்தப் படி இல்லை’ என்று எழுதி ஒட்டியது நீதானே? உன் குரல் அப்படியே கேட்டது. ‘புரியாவிட்டால் என்ன செய்வீர்கள்’ கேள்விக்கு ஒன்பது பேரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறான். ‘உங்கள் பள்ளியில் எந்த பெஞ்சு என்று சொன்னால் போதும்.’

படிவங்கள் ஒன்பதும் இதனுடன் இருக்கின்றன. மனுவைக் கிழித்துவிட்டேன். வேதியியல் பற்றி நீ சொன்னது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. அன்று எறும்பும் வந்திருந்தாள். புறப்படும் நேரத்தில் தையல் கடையிலிருந்து நேராக ஓடிவந்து பஸ்ஸில் ஏறினாள். கேட் வரை வந்தாள், உள்ளே வரவில்லை. வெளியே நின்றுகொண்டு கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“இந்த வருஷம் ஒன்பதுக்குக் கணக்கு யாரு டீச்சர்?”

“தெரியல. எங்க அக்கா எப்பவும் பன்னெண்டுதான் எடுப்பாங்க.”

“அப்போ ஒன்பதுக்கு யாரு?”

“தெரியலடி.”

“யாருன்னு தெரியாம எப்படி வர்றது?”

உன்னைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகக் கேட்டாளா, நீ இருப்பாயா என்று கேட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை அவளை யாரோ ஒருவரிடம் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. பத்தாவது படிவத்தில் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மாணவி கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. படிவம் என் மேஜையிலேயே இருக்கிறது.

தங்கை


மே 20

என் சின்னவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுத் தெருவுக்கு எதிர்த் தெருவில் இறங்கி, தையல் கடைக்குப் போய்விட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ பக்கத்தில் இருந்தால் நான் உன்னைப் பார்த்துப் பேசியிருப்பேன், அவளைப் பார்த்துப் பேசியிருக்க மாட்டேன்.

கையில் உன் அத்தானின் பேன்ட் ஒன்று கொண்டுபோயிருந்தேன், கீழ்மடிப்புக்கு. வெறும் கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. எறும்பு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பிறகு பேன்டை வாங்கி, அளவு நாடாவை வைத்து, “எவ்வளவு குறைக்கணும்?” என்று கேட்டாள். இரண்டு அங்குலம் என்றேன். அவள் மடித்துக் குண்டூசி குத்தும் வரைக்கும் நின்றுவிட்டுச் சொன்னேன்.

“நான் அன்னைக்குக் கேட்ட கேள்வியே தப்பு. நீ எங்கயும் திரியல. தேர்வுல பதினெட்டு எடுத்திருக்க. அந்த நோட்டை நான் பார்த்தேன்.”

அவள் குண்டூசிகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“அந்த ரெண்டு மார்க் எதுல போச்சுன்னு இருக்கா டீச்சர்?”

இல்லை, மதிப்பெண் மட்டும்தான் இருக்கிறது என்றேன். ஏமாற்றமாகத் தலையை ஆட்டினாள். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து, “அந்தக் கடைசி பெஞ்சு இன்னும் ஆடுதா?” என்று கேட்டாள். ஆடுமா என்றே எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆடுகிறது. இடப்பக்கக் கால் குட்டை. தச்சரை அழைத்து ஒரு கட்டை வைத்து அடிக்கச் சொன்னேன். அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் அந்த பெஞ்சிலிருந்து வகுப்பைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பும் ஒன்பது ‘ஆ’வும் அடுத்தடுத்த அறைகள், அது உனக்குத் தெரியாது. நடுச்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அதை மறைத்து இந்தப் பக்கம் அந்த அலமாரி நிற்கிறது, நோட்டு கிடந்த அதே அலமாரி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. கதவு பூட்டியிருக்கிறதா என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. தச்சரும் நானும் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினோம். பூட்டே இல்லை. வெறும் தாழ்ப்பாள், துருப்பிடித்தது. எண்ணெய் விட்டால் திறக்கும் என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். நடைக்கூடத்துப் பலகையில் பதினாறு வருடத்துத் தேர்ச்சி விகிதம் என் பெயருக்கு நேராக எழுதியிருக்கிறது. கல்யாண வீட்டில்கூட என்னை ‘பன்னெண்டாம் கிளாஸ் மேடம்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்தப் பெயரைக் கழற்றினால் கீழே என்ன இருக்கும் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். சரியாகத் தெரியவில்லை. அதைப் பார்க்காமலே பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிடுகிறேன். ஜூனிலிருந்து ஒன்பது ‘ஆ’வுக்கும் எட்டுக்கும் கணக்கு என்னிடம். இரண்டும் ஒரே பாடவேளையில் வேண்டும், ஒன்று போதாது. அந்தக் கதவு திறந்தே இருக்கும். யாருக்குப் புரியவில்லையோ அவர் எழுந்து அந்தப் பக்கம் போகலாம், பிடிபட்டதும் திரும்பி வரலாம். வருகைப் பதிவில் ‘இல்லை’ என்று போட மாட்டேன்.

தலைமையாசிரியைக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார், பிறகு என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவார். உன் அத்தானிடமும் சொல்லவில்லை. பேன்ட் எங்கே என்று இன்று காலைகூடக் கேட்டார். விண்ணப்பம் என் கைப்பையில் இருக்கிறது, நான்கு வரி. நாளை காலை அவர் அலுவலகத்துக்கு வந்ததும் கொடுத்துவிடுவேன். இந்தக் கடிதம் உனக்கு நாளை மறுநாள்தான் வந்து சேரும். அதனால் நீ என்னைத் தடுக்கவும் முடியாது, தட்டிக்கொடுக்கவும் முடியாது.

பத்தாவது படிவத்தை அனுப்பு என்று நான் கேட்கவில்லை. நான் கடையில் விட்டுவந்த பேன்டை நீ வாங்கப் போகும்போது, பெஞ்சு இப்போது ஆடவில்லை என்று அவளிடம் சொல். ஒன்பதுக்கு யார் என்று அவள் கேட்டாள் அல்லவா, அதற்கும் பதிலைச் சொல். மற்றதை அவளே முடிவு செய்யட்டும்.

அக்கா